அடித்த இரும்பும் வார்த்த இரும்பும்

கனடாவிலிருந்து என் சகோதரியின் மகன் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்தான். ஸ்காபரோவில் வாழும் அவனுக்கு வயது நாற்பதைக் கடந்துவிட்டது. வைத்தியரின் அறிவுரையாலோ நண்பர்களின் இழுப்பாலோ அண்மைக் காலமாகக் கோல்ஃப் விளையாடத் தொடங்கியிருக்கிறான். ஒரு மாலை முற்றத்தில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது, தான் வாங்க எண்ணியிருக்கும் மட்டைகளின் படங்களைக் கைத்தொலைபேசியில் ஒவ்வொன்றாகக் காட்டினான்.

"மாமா, இது வார்ப்பு இல்லை, அடிச்சுச் செய்தது. நல்ல சாமான். ஆனா விலைதான் கையைச் சுடுது."

அடித்தது, வார்த்தது என்ற அந்த இரண்டு சொற்களும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. காரணம் உண்டு. அதே கிழமையில்தான் நான் ஒரு புதிய மண்வெட்டி வாங்கி ஏமாந்திருந்தேன். வளவின் பின்புறத்தில் நாலு வாழைக்குப் பாத்தி கட்டப் போனவன், மூன்றாம் நாள் கலட்டிக் கல்லொன்றில் கொத்தினேன். மண்வெட்டியின் அலகு இலையைப் போல மடங்கிக்கொண்டது. அவனுடைய கேள்வியும் என்னுடைய கேள்வியும் ஒன்றுதான் என்று அப்போது தோன்றியது. கையிலிருக்கும் பணம் கொஞ்சம். இரும்பு நல்லதாக இருக்க வேண்டும். எதற்குப் பணம் கொடுப்பது, எதற்குக் கொடாமல் விடுவது?

கோல்ஃப் நமக்குச் சம்பந்தமில்லாத விளையாட்டு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் கோல்ஃப் திடல் கிடையாது என்பது உண்மையே. ஆனால் இலங்கைத் தீவுக்கு அது புதிதன்று. றோயல் கொழும்பு கோல்ஃப் கழகம் 1879இல் தோன்றியது. நுவரெலியாவின் திடலும் அதே நூற்றாண்டின் இறுதிக் காலத்துக்குரியது. இன்று இலங்கையின் பெயரில் இந்தியத் தொழில்முறைப் போட்டிகளில் ஆடுபவர்களுள் தங்கராஜா, பிரபாகரன் என்ற இரண்டு தமிழ்ப் பெயர்களும் உண்டு. புலம்பெயர்ந்த நம் பிள்ளைகள் அந்த விளையாட்டைக் கையில் எடுத்திருப்பதில் வியப்பில்லை. எனக்கு இங்கே முக்கியமாகப் படுவது விளையாட்டன்று, அவர்கள் கையில் இருக்கும் இரும்பு.

முதலில் மருமகனின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். கோல்ஃப்காரர்கள் அயர்ன் என்று அழைக்கும் மட்டைகளின் தலை இரண்டு வழிகளில் செய்யப்படுகிறது. ஒன்று அடித்துச் செய்வது. மென்மையான உருக்குக் கம்பியொன்றை ஆயிரம் பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சி, அச்சுகளுக்கு இடையே வைத்துப் பேரழுத்தத்தில் பலமுறை அடித்து உருவாக்குவார்கள். பிறகு பிதுங்கிய ஓரங்களை வெட்டி, தண்டு நுழையும் துளையைக் குடைந்து, சாணை பிடித்து, குரோமியப் பூச்சுப் பூசுவார்கள். இதற்குப் பயன்படும் உருக்கில் காபன் 0.2 முதல் 0.25 சதவீதம் வரையே இருக்கும். ஒசாகாவில் 1906இல் தொடங்கிய மிசுனோ நிறுவனம் ஹிரோஷிமாவில் அடித்துச் செய்விக்கும் தலைகளும், இரும்பு வேலைக்குப் பெயர்போன ஹிமேஜிப் பகுதியின் மியூரா பட்டறைத் தலைகளும் இந்த வகையில் உலகப் புகழ் பெற்றவை.

மற்றையது வார்ப்பது. மெழுகில் ஒரு தலையைச் செய்து, அதன்மேல் சுடுமண் போன்ற ஓடு பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய உருக்கை ஊற்றுவது. அமெரிக்காவில் பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியியலாளர் 1960களில் இந்த முறைக்குப் பெரிய வாழ்வு கொடுத்தார். தலையின் நடுவிலிருந்து எடையை எடுத்து ஓரங்களுக்குக் கொண்டுபோனால், பந்து நடுவில் படாமல் தவறிய அடியும் ஓரளவு நேராகவே போகும் என்பது அவர் கண்ட உண்மை. அத்தகைய நுணுக்கமான வடிவங்களை வார்ப்பில் மலிவாகச் செய்ய முடிந்தது.

வார்ப்பு என்றதும் அதைத் தாழ்வாக எண்ணும் பழக்கம் நம்மிடமும் உண்டு. அது தவறு. சுவாமிமலைச் சிற்பிகள் செய்வது மெழுகு வார்ப்புத்தான். பொலநறுவையில் கிடைத்த சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் அதே முறையில் வந்தவைதான். நடராசரை வார்த்த கையை யாரும் தாழ்ந்த கை என்று சொல்லத் துணியமாட்டார்கள். ஆகவே அடித்தது உயர்வு, வார்த்தது மட்டம் என்ற ஒற்றை வாய்ப்பாட்டை நான் ஏற்கவில்லை. எந்த வேலைக்கு எது என்பதே கேள்வி.

அப்படியானால் அடித்த தலைக்கு ஏன் இத்தனை விலை? கைக்கு மென்மையாக இருக்கிறது, பந்தைத் தொடும் உணர்வு வேறு என்று விளையாடுபவர்கள் சொல்கிறார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அந்த உணர்வின் பெரும்பகுதி பந்து எந்த இடத்தில் பட்டது என்பதிலிருந்தும், அடியின்போது காதுக்கு எட்டும் ஓசையிலிருந்தும் வருவது. பழக்கமில்லாத கைக்கு அடித்ததையும் வார்த்ததையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தறிவது கடினம். புதிதாக ஆடப் பழகுபவனுக்கு இரும்பு பிறந்த முறையைவிட, தவறை மன்னிக்கும் வடிவமே பெரிதும் உதவும். விற்பனைக்காரர் இதைச் சொல்லமாட்டார். அதுமட்டுமன்று, முகப்புத் தகட்டை மட்டும் அடித்துச் செய்து, வார்த்த உடலோடு பொருத்திய மட்டைகளுக்கும் அடித்தது என்றே பெயர் சூட்டி விற்கிறார்கள். சொல்லைப் பார்த்து விலை கொடுப்பவன் பாதிச் சரக்குக்கு முழு விலை கொடுக்கிறான்.

ஆனால் ஒரு குணத்தில் அடித்த மென்னுருக்குக்கு ஈடில்லை. அதை வளைக்கலாம். தண்டு நிலத்தோடு ஆக்கும் கோணம் ஆளுக்கு ஆள் வேறுபடும். உயரமானவனுக்கு ஒன்று, குள்ளமானவனுக்கு இன்னொன்று. கோணம் பிழைத்தால் பந்து இடமோ வலமோ விலகும். மென்னுருக்குத் தலையைப் பிடிகருவியில் இறுக்கி, இரண்டு மூன்று பாகை வளைத்து, ஆளுக்கேற்பத் திருத்திக் கொடுப்பார்கள். கடினமான துருப்பிடிக்காத உருக்கில் வார்த்த தலை பல வேளைகளில் அதற்கு இடங்கொடாது, வற்புறுத்தினால் உடைந்தும் போகும். சுருங்கச் சொன்னால், அடித்த இரும்பின் உண்மையான பெறுமதி அது திருத்தத்தக்க இரும்பு என்பதே.

ஆகவே மருமகனுக்கு நான் சொன்னது இது. புதியதை வாங்காதே. பத்துப் பதினைந்து ஆண்டு பழைய மட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. இரும்புத் துண்டின் அடிப்படை வேலை அந்தக் காலத்துக்குள் மாறிவிடவில்லை. அடித்ததாகவும், அதே வேளையில் முதுகு குடைந்து எடையை ஓரத்துக்குக் கொண்டுசென்றதாகவும் உள்ளதைத் தேடு. முகப்பின் வரிப்பள்ளங்கள் தேய்ந்து மழுங்கியிருக்கின்றனவா என்று நகத்தால் தடவிப் பார். குரோமியப் பூச்சு உரிந்து துருக்குழி விழுந்திருந்தால் விட்டுவிடு, மேலோட்டமான கீறல்களுக்குப் பயப்படாதே. கைப்பிடி ரப்பரை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக் கணக்குப் பார். மென்னுருக்கு நெடுநாள் பாவனையில் தானாகவும் சிறிது வளையும், ஆகையால் வாங்கியதும் எல்லா மட்டைகளின் கோணத்தையும் அளந்து திருத்திக்கொள். இணையத்தில் அரை விலைக்குப் புதியது என்று வருபவற்றுள் போலிகள் உண்டு. மிச்சம் பிடித்த பணத்தைத் திருத்துபவரிடம் கொடு. அங்கேதான் உன் பணத்துக்குப் பயன்.

"மாமாக்கு கோல்ஃப் எப்பிடித் தெரியும்?" என்று சிரித்தான்.

கோல்ஃப் எனக்குத் தெரியாது. மண்வெட்டி கொஞ்சம் தெரியும். நான் சொன்னவற்றுள் பாதி அவன் கைத்தொலைபேசியில் வாசித்துக் காட்டியது. மீதிப் பாதி கம்மாலையில் கற்றது.

மண்வெட்டிக்கும் கோணம் உண்டு. அலகும் பிடியும் சேரும் இடத்தில் உள்ள அந்தக் கோணம் சற்று விரிந்தால் குனிவது குறையும், ஆனால் மண் ஆழமாக வெட்டுப்படாது. சற்று ஒடுங்கினால் மண்ணை இழுத்து வரம்பு கட்ட வசதி, ஆனால் இடுப்பு முறியும். வெங்காயத் தறை கொத்துபவருக்கு வேண்டிய கோணமும், வாய்க்கால் திருப்பித் தண்ணீர் கட்டுபவருக்கு வேண்டிய கோணமும் வேறு. முன்பெல்லாம் தோட்டக்காரர் புதிய மண்வெட்டியை வாங்கினால் நேரே தோட்டத்துக்குக் கொண்டுபோவதில்லை. கம்மாலைக்குக் கொண்டுபோவார். கொல்லர் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்ப்பார். உலையில் காய்ச்சி, இரண்டு தட்டுத் தட்டி, அவருடைய உயரத்துக்கும் வேலைக்கும் ஏற்றபடி திருத்திக் கொடுப்பார். ஸ்காபரோவில் பணம் கொடுத்துச் செய்விக்கும் அதே திருத்தம் இங்கே வழக்கமாக இருந்தது.

தெல்லிப்பழைப் பக்கத்தில் கொல்லங்கலட்டி என்றொரு ஊர் இருக்கிறது. பெயர் எப்படி வந்தது என்ற ஆராய்ச்சிக்குள் நான் புகவில்லை. ஆனால் கொல்லனையும் கலட்டியையும் ஒரே பெயருக்குள் வைத்திருக்கும் அந்த ஊர் குடாநாட்டின் கதையையே சொல்வதாக எனக்குப் படுவதுண்டு. வலிகாமத்துச் செம்மண் வளமானது. ஆனால் அதன் கீழே சுண்ணாம்புக் கல், பல இடங்களில் முழங்கால் ஆழத்துக்கும் குறைவாகவே மண். கல்லைக் கெல்லி அகற்றி, மண் பரப்பித் தோட்டமாக்கிய நிலங்கள் எத்தனையோ. அந்த வேலைக்குப் பயன்பட்ட அலவாங்கு என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுப்போனது. ஆனால் அதன் முனையைத் தோய்ந்து கொடுத்தவர்கள் நம் ஊர்க் கொல்லர்கள். கல் உள்ள நிலத்தில் இரும்பு தேயும். இரும்பு தேயும் ஊரில் கொல்லர் இல்லாமல் விவசாயம் இல்லை.

என் தந்தையார் காலத்தில் நல்ல மண்வெட்டி என்றால் முதலை முத்திரைதான். இங்கிலாந்தின் வுல்வர்ஹம்ரன் நகரத்துச் சில்லிங்ரன் நிறுவனத்தின் தயாரிப்பு அது, பிரித்தானியரின் குடியேற்ற நாடுகள் பலவற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. அலகும் பிடி செருகும் கண்ணும் ஒரே இரும்பில் அடித்துச் செய்யப்பட்டிருக்கும். தேயத் தேயக் கம்மாலைக்குக் கொண்டுபோவார்கள். முனையில் புதிய உருக்கு வைத்து அடித்து நீட்டிக் கொடுப்பார் கொல்லர். அப்படி இரண்டு மூன்று முறை வாய் வைத்த மண்வெட்டியொன்று எங்கள் வீட்டுக் கொட்டிலில் நெடுங்காலம் இருந்தது. ஒரு மண்வெட்டியின் ஆயுள் ஒரு மனிதனின் உழைக்கும் ஆயுளோடு ஒத்திருந்தது.

நான் வாங்கி ஏமாந்தது அந்தச் சாதியன்று. தகட்டை அச்சில் வெட்டி, கண்ணைத் தனியே வளைத்து, வெல்டிங்கில் ஒட்டி, அழகான வர்ணம் பூசியது. கண்ணைப் பறிக்கும் வர்ணம். விலை, பக்கத்தில் தொங்கிய கனமான மண்வெட்டியின் விலையில் ஏறத்தாழப் பாதி. பாதி விலை என்பதே என்னை ஏமாற்றியது. நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் பிறருக்கு அறிவுரை எழுதியவன், இரும்புக் கடை வாசலில் வர்ணத்துக்கு மயங்கினேன்.

மடங்கிய மண்வெட்டியைத் துவிச்சக்கரவண்டியில் கட்டிக்கொண்டு கம்மாலையைத் தேடிப் போனேன். முன்பு நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. இப்போது அரைமணி நேரம் மிதிக்க வேண்டியிருந்தது. கொல்லர் அதை வாங்கிப் பார்த்தார். நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஐயா, இதிலை நான் செய்யிறதுக்கு ஒண்டும் இல்லை. இது காய்ச்சினாலும் தோய்ச்சல் பிடியாது. நெளிச்சுத் தரலாம், நாளைக்கு மறுபடி மடங்கும்."

தோய்ச்சல் என்பது என்னவென்று வாசகர்களுள் இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். காபன் போதிய அளவு உள்ள உருக்கைச் செந்நிறமாகக் காய்ச்சி, தண்ணீரிலோ எண்ணெயிலோ சட்டென்று ஆழ்த்தினால் அது மிகக் கடினமாகும். கூடவே கண்ணாடி போல நொறுங்கும் குணமும் வந்துவிடும். ஆகவே மீண்டும் மெதுவாகச் சூடேற்றுவார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய முனையில் முதலில் வைக்கோல் நிறம் தோன்றும், பிறகு கபிலம், ஊதா, நீலம் என்று மாறும். ஏறத்தாழ 220 முதல் 300 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலைகளைக் கொல்லர் வெப்பமானியில்லாமல் நிறத்தால் அறிகிறார். சவரக் கூர்மை வேண்டிய கத்திக்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்துவார். கல்லில் மோதும் கருவிக்கு ஊதாவையோ நீலத்தையோ எட்டவிடுவார். காபன் குறைந்த இரும்பில் இந்த வித்தை எதுவும் பலிக்காது. கோல்ஃப் தலைக்கு 0.2 சதவீதக் காபன் போதும், ஏனென்றால் அது பந்தையும் புல்லையுமே சந்திக்கிறது. கலட்டியைச் சந்திக்கும் முனைக்கு அது போதாது. லொறிகளின் ஸ்பிறிங் பிளேட்டில் 0.6 சதவீதம் அளவில் காபன் இருக்கும். நம்மூர்க் கத்திகளும் மண்வெட்டிக்கு வைக்கும் வாயும் பெரும்பாலும் அதிலிருந்து வருவது அதனால்தான்.

அன்று கொல்லரிடம் கேட்டுக்கொண்டதையும் என் அனுபவத்தையும் சேர்த்து, குறைந்த பணத்தில் மண்வெட்டி வாங்குபவர்களுக்குச் சில வார்த்தைகள்.

முதலில் அலகின் தடிப்பைப் பாருங்கள். அடித்துச் செய்ததில் கண்ணுக்கு அருகே தடிப்பும், வாய்க்கு வரவர மெலிவும் தெரியும். முழுவதும் ஒரே தடிப்பாக இருந்தால் அது வெறும் தகடு என்று எண்ண இடமுண்டு. இரண்டாவதாக, கண் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். வர்ணத்துக்குக் கீழே வெல்டிங் தழும்பு தெரிகிறதா என்று விரலால் தடவுங்கள். மூன்றாவதாக, கயிற்றில் தொங்கவிட்டுச் சாவியால் தட்டுங்கள். மணி போல் நீண்டு ஒலித்தால் இரும்பில் வெடிப்பில்லை. செத்த ஓசை வந்தால் எங்கோ பிளவு அல்லது ஒட்டு உண்டு. நான்காவதாக, கடைக்காரர் அனுமதித்தால் வாயில் அரத்தை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வெண்ணெய் போல் அரம் இறங்கினால் மென்மை, சறுக்கிப் போனால் மிகக் கடினம், அது கல்லில் சிதறும். சற்றே எதிர்த்துக் கடித்தால் நல்லது. ஐந்தாவதாக, பிடிக்குப் பணம் கொடுக்காதீர்கள். பூவரசிலோ வேம்பிலோ நல்ல பிடி ஊரிலேயே கிடைக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்று உண்டு. வீட்டுக் கொட்டிலிலோ பழைய இரும்புக் கடையிலோ தேய்ந்து கிடக்கும் பழைய அடித்த மண்வெட்டி ஒன்றைத் தேடுங்கள். அதைக் கம்மாலைக்குக் கொண்டுபோய் வாய் வைத்துக் கோணம் திருத்திக்கொள்வதே எல்லாவற்றிலும் மலிவு. நான் இறுதியில் செய்தது அதுதான். பாளைக்கத்தியைத் தீட்டிக்கொண்டு பனையேறும் சீவல் தொழிலாளரைக் கேட்டுப் பாருங்கள். எந்த நிறுவனத்தின் கத்தி என்று அவர் சொல்லமாட்டார், எந்தக் கொல்லரின் கத்தி என்றுதான் சொல்வார்.

கொல்லரின் அருமை நமக்குத் தெரியாததன்று. தெரிந்த காலம் ஒன்று இருந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், சீமெந்து, மின்கலம், இரும்புப் பொருள்கள் என்று தடைப்பட்டவற்றின் பட்டியல் நீண்டது. அதே ஆண்டில் யாழ்தேவியும் நின்றது. மீண்டும் புகையிரதம் யாழ்ப்பாணம் வரை வந்தது 2014 ஒக்ரோபரில்தான். இடைப்பட்ட காலத்தில் தண்டவாளங்கள் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. கைவிடப்பட்ட வாகனங்களின் ஸ்பிறிங் பிளேட்டுகள் கம்மாலைக்குப் போயின. புதிய கருவி என்பது இல்லாத அந்த ஆண்டுகளில் குடாநாடு தனக்கு வேண்டிய வெங்காயத்தையும் மரவள்ளியையும் விளைவித்தது என்றால், அதில் உலை மூட்டிய கைகளுக்கும் பங்குண்டு. அந்தப் பங்கை நாங்கள் பத்திரிகையில் எழுதியது குறைவு. குண்டுவீச்சும் இடப்பெயர்வும் பக்கங்களை நிறைத்தன. கம்மாலை செய்தியாகவில்லை. இதை என் குறையாகவே சொல்கிறேன்.

2009இல் போர் முடிந்தபின் மீள்குடியேறிய குடும்பங்களுக்கு வழங்கப்பட்ட பொதிகளில் மண்வெட்டியும் கத்தியும் கோடரியும் இருந்தன. நல்ல எண்ணத்தோடு கொடுக்கப்பட்டவை. ஆனால் நான் கையில் எடுத்துப் பார்த்தவற்றுள் சில, நான் இப்போது வாங்கி ஏமாந்த அதே வகை. கேள்விமனுக் கோரி, குறைந்த விலைக்குக் கொடுப்பவரிடம் மொத்தமாக வாங்கும் முறையில் வேறென்ன வரும்? பற்றைக்காடு மண்டிய நிலத்தைத் துப்புரவாக்கப் போன ஒரு குடும்பத்தின் முதல் கருவி முதல் கிழமையில் மடங்கினால், அது விலை குறைந்த கருவியா, விலை கூடிய கருவியா? அந்தப் பணத்தில் ஒரு பகுதியை வடக்கின் கம்மாலைகளுக்குக் கொடுத்திருந்தால் கருவியும் கிடைத்திருக்கும், கருவி செய்பவரும் நிலைத்திருப்பார்.

2022இன் நெருக்கடியின்போது இந்தக் கேள்வி மறுபடி எழுந்தது. உணவு பயிரிடுங்கள் என்று அரசு சொன்னது. யூன் மாதத்தில் அரச ஊழியர்களுக்கு அதற்காக வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்கவும் முடிவெடுத்தது. டொலர் இல்லாத நாட்டில் விதையைப் பற்றிப் பேசினார்கள், பசளையைப் பற்றிப் பேசினார்கள். கருவியை யார் திருத்திக் கொடுப்பார் என்று யாரும் பேசக் கேட்கவில்லை.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். நாட்கூலிக்கு வேலை செய்பவரிடம், இரண்டு மடங்கு விலை கொடுத்து நல்லதை வாங்கு என்று சொல்வது எளிது, கொடுப்பது அவருக்கு எளிதன்று. உண்மை. அதனால்தான் பழையதைத் திருத்துவதை முதலாவது வழியாகச் சொல்கிறேன். கொல்லர் செய்வது எல்லாம் ஒரே தரத்தில் இருப்பதில்லை என்பார்கள். அதுவும் உண்மை. நிறத்தைப் பார்த்துத் தோய்ச்சல் பிடிக்கும் வித்தையில் நல்ல கையும் உண்டு, அவசரக் கையும் உண்டு. ஆனால் பிழைத்ததை மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்துத் திருத்திக்கொள்ளலாம். தொலைதூரத் தொழிற்சாலையிடம் அந்தப் பேச்சு நடவாது.

மூன்றாவது வாதமே என்னைத் தயங்க வைப்பது. கொல்லர்களின் பிள்ளைகள் ஏன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை என்று நாம் கவலைப்படுகிறோம். வராததற்குக் காரணம் நாமே. தொழிலைச் சாதியோடு கட்டி வைத்தோம். அவருடைய கருவி இல்லாமல் நம் தோட்டம் நடவாது, ஆனால் அவருக்குத் திண்ணையில் இடம் எங்கே என்பதில் கணக்காக இருந்தோம். படித்து வெளியேற முடிந்த பிள்ளை வெளியேறியது. அதில் குறை காண நமக்கு உரிமையில்லை. கம்மாலை வாழ வேண்டும் என்பவர், அது யாருடைய பிள்ளையும் மரியாதையோடு வந்து பழகத்தக்க தொழிலாக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில், சான்றிதழோடு கற்பிக்கத்தக்க கலைதான் இரும்படிப்பதும். ஜப்பானில் கோல்ஃப் தலையை அடித்துச் சாணை பிடிப்பவரின் பெயரைச் சொல்லியே மட்டை விற்கிறார்கள். நம் கொல்லரின் முத்திரை பதித்த மண்வெட்டியை நாம் ஏன் பெயர் சொல்லிக் கேட்கக்கூடாது?

கமநல சேவை நிலையங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் கருவி வாங்கும்போது, விலையோடு ஆயுளையும் கணக்கில் எடுக்கட்டும். மொத்தத்தில் ஒரு சிறு பங்கையாவது உள்ளூர்க் கம்மாலைகளிடம் வாங்கட்டும். வாங்கிய கருவிக்கு ஆண்டுக்கொரு முறை வாய் தீட்டும் கூலியையும் சேர்த்து ஒப்பந்தம் செய்யட்டும். இவை பெரிய செலவு பிடிக்கும் திட்டங்களல்ல. நம் வீட்டளவில் செய்யக்கூடியது இன்னும் எளிது. கொட்டிலில் துருப்பிடித்துக் கிடக்கும் கத்தியையும் மண்வெட்டியையும் இந்த மாரிக்கு முன் ஒருமுறை கம்மாலைக்குக் கொண்டுபோவோம்.

மருமகன் கனடா திரும்பிப் பாவித்த மட்டைகளையே வாங்கினான். அவற்றை வளைத்துத் திருத்தித் தரும் ஒரு முதியவரையும் கண்டுபிடித்திருக்கிறான். ஒவ்வொரு மட்டையையும் அளந்து, இவனையும் நிற்க வைத்து அளந்து, ஒரு மணி நேரம் எடுத்தாராம். மட்டையில் பாதி விலை அவருக்குப் போயிற்று என்று தொலைபேசியில் சொன்னான். சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது என்றேன்.

என்னுடைய பழைய மண்வெட்டி புதிய வாயோடு கொட்டிலில் இருக்கிறது. கலட்டியில் இரண்டு முறை மோதியும் மடங்கவில்லை. அடுத்த முறை தேயும்போது அந்த உலை எரிந்துகொண்டிருக்குமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. கொல்லருக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். துருத்தியின் அருகே வேறு யாரும் இருக்கவில்லை.